மலையேற ரோடு பைக்: எடையைத் தூக்கிப் பார்க்கும் முன் பல்லை எண்ணுங்கள்

ஏற்காடு, கொல்லிமலை என்று சைக்கிளில் ஏறும் ஆசை வந்ததும் பலர் கடைக்குப் போய் முதலில் செய்வது, வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பது. எடை குறைந்தால் ஏற்றம் சுலபமாகிவிடும் என்ற நம்பிக்கை. பெரிய தவறே இதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஆள் 75 கிலோ, சைக்கிள் 9 கிலோ என்றால் மேலே ஏற்ற வேண்டியது 84 கிலோ. சைக்கிளில் 1 கிலோ குறைத்தால், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது முக்கால் நிமிடம்கூட இல்லை. பந்தயக்காரருக்கு அது பெரிது. மற்றவர்கள் அதற்காகக் கூடுதலாக ஐம்பதாயிரம், லட்சம் என்று கொட்டுவது வீண்.

பார்க்க வேண்டியது கியரை. 8 சதவீத ஏற்றத்தில் (100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரம்) மணிக்கு 9 கிலோமீட்டர் போகவே இந்த ஆளுக்குச் சுமார் 185 வாட் தேவை. முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் (செயின்ரிங்) 36 பல், பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கின் (கேசட்) பெரிய சக்கரத்தில் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 55 சுற்றுதான் மிதிக்க முடியும். முன்னும் பின்னும் 34 பல்லாக இருந்தால் அதே வேகத்துக்கு 71 சுற்று. உழைப்பு ஒன்றுதான், ஆனால் முதலாவதில் ஒவ்வொரு மிதியும் முட்டியை அழுத்தும், இரண்டாவதில் பாரம் மூச்சுக்குப் போய்விடும். ஏற்றம் 12 சதவீதமானால் 36/28 வைத்திருப்பவரின் சுற்று 40க்கு இறங்கிவிடும். பாதி மலையிலேயே தொடை இறுகிப்போய் நிற்பவர்களில் பலருக்குக் குறை உடம்பில் இல்லை, கேசட்டில் இருக்கிறது. புதிதாக ஏறுபவருக்கு 50/34 செயின்ரிங் (முன்னால் 50 பல், 34 பல் என இரண்டு சக்கரங்கள்), 11-34 கேசட் (பின்னால் 11 முதல் 34 பல் வரை) என்பதே என் பரிந்துரை. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பழைய வண்டியில் கேசட்டை மட்டும் மாற்றலாம் என்று அவசரப்படவும் வேண்டாம். பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) எத்தனை பல் வரை தாங்கும் என்று முதலில் பாருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் 105 ஆர்7000 கியர் வரிசையில், டீரெய்லரில் செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையாக இருந்தால் 30 பல்லோடு நின்றுவிடும். 34க்கு நீளக் கூண்டு வேண்டும். செயின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பிரேம் அளவு? தள்ளுபடியில் கிடைத்தது என்று ஓர் அளவு பெரியதை எடுக்காதீர்கள். கழுத்தும் இடுப்பும் கெஞ்சும்.

அடுத்தது வேகம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் கால் புதிதாக இருக்கும், கூட வருபவர் முந்துவார், நாமும் விரட்டுவோம். பத்தாவது வளைவுக்குள் மூச்சு முட்டினால் மீதி அறுபதும் தண்டனைதான். முதல் கால்வாசித் தூரம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் ஏறுங்கள். ‘ரொம்ப மெதுவா போறோமோ’ என்று தோன்றினால் அதுவே சரியான வேகம்.

வளைவுகளுக்குள் இன்னொரு பிழை. நம் ஊரில் இடப்பக்கம் போவதால், இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் நாம் உள்ளோரத்தில் மாட்டிக்கொள்கிறோம். அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏறுவதால் அங்கேதான் செங்குத்து அதிகம். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, நம் பாதைக்குள்ளேயே சற்று வெளியே தள்ளிப் போனால் எளிது. கியரை வளைவுக்கு முன்பே, பெடலில் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி மாற்றுங்கள். முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் நழுவும், சில சமயம் அறுந்தே போகும்.

இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வருவது ஆபத்து. ரிம் பிரேக் வண்டியில் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது தளர்த்துங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்பதை மேலே போய்ப் பார்த்துப் பயனில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.