உங்க கதையில ராஜாவுக்கு ஒரு மந்திரி வேணுமா? இப்படி எழுதிப் பாருங்க

நான் முதல்ல எழுதின ஃபேன்டஸி நாவலோட நாப்பது பக்கத்தை ஒரு ஃப்ரெண்டுகிட்ட படிக்கக் குடுத்தேன், படிச்சுட்டு அவன் கேட்ட ஒரே கேள்வி, "ஏன்டா இந்த மந்திரி கூகுள் மேப் மாதிரியே பேசுறாரு?" உண்மைதான். ராஜா "நிலைமை என்ன?"ன்னு கேப்பாரு, மந்திரி வடக்க எதிரி தெக்க பஞ்சம் கிழக்க டிராகன்னு மூணு பாரா ஒப்பிப்பாரு, ராஜா தாடியைத் தடவிக்கிட்டு "ம்ம்"பாரு, சாப்டர் முடிஞ்சது. அந்த உலகத்தைப் பத்தி வாசகருக்கு நான் சொல்ல வேண்டிய வேலையை ஒரு கிழவர் தலையில கட்டிட்டு அவருக்கு மந்திரின்னு பேரு வெச்சிருந்தேன், அவ்ளோதான். அதை எப்படி சரி பண்ணேன்னு சொல்றேன், புதுசா எழுத ஆரம்பிக்கிறவங்க கூடவே ஒரு நோட்டு வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பழைய கணக்கு வைங்க

கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இவங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ நடந்திருக்கணும். சீனாவுல தாங் வம்சத்து தாய்சோங்னு ஒரு பேரரசர். 626ல அரண்மனையோட ஷுவான்வு வாசல்ல வெச்சு சொந்த அண்ணனைக் கொன்னுட்டு ஆட்சியைப் பிடிச்சவரு. அந்த அண்ணன்கிட்ட வேலை பாத்து, "உங்க தம்பியை சீக்கிரம் ஒரு வழி பண்ணுங்க"ன்னு யோசனை சொல்லிட்டு இருந்தவர்தான் வெய் ஜெங். அவரைப் பிடிச்சுட்டு வந்து நிறுத்தினப்போ மன்னிப்பு கேக்கல, நான் சொன்னதை உங்கண்ணன் கேட்டிருந்தா இன்னிக்கு இந்த கதிக்கு ஆளாயிருக்க மாட்டாருங்கிற மாதிரி மூஞ்சிக்கு நேரா சொன்னாராம். தாய்சோங் அந்த ஆளையே தனக்கு ஆலோசகரா வெச்சுக்கிட்டாரு. யோசிச்சுப் பாருங்க, தன்னைக் கொல்லச் சொன்ன ஆளோட தினமும் பக்கத்துல உக்காந்து வரி பத்தி பேசணும்!

இவங்களைப் பத்தி இன்னொரு கதையும் சொல்வாங்க. ராஜா கையில ஒரு பருந்தை வெச்சு கொஞ்சிட்டு இருக்காரு, தூரத்துல வெய் ஜெங் வர்றாரு, விளையாட்டுல நேரத்தை வீணாக்குறீங்கன்னு திட்டுவாரேன்னு பயந்து பருந்தை சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிறாரு. வந்தவரு வேணும்னே பேசுறாரு பேசுறாரு பேசிட்டே இருக்காரு, அவரு கிளம்பிப் போனப்புறம் எடுத்துப் பாத்தா பருந்து செத்துக் கிடக்கு. நடந்துச்சோ இல்லையோ, ஒரு பேரரசன் சட்டைக்குள்ள ஒரு பறவை துடிக்குது, வெளியில மூஞ்சி சாதாரணமா இருக்கு, இதுதான் ஸீன். இதுல யாரும் யாருக்கும் "நிலைமை" விளக்கல பாருங்க.

நோட்டுல எழுதுங்க: ராஜாவைப் பத்தி மந்திரிக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு, மந்திரியைப் பத்தி ராஜாவுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு.

ஸ்டெப் 2: எவ்வளவு தூரம்னு அளந்து வைங்க

"அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க"ன்னு வள்ளுவர் ராஜாகிட்ட வேலை பாக்குறவங்களுக்கு சொல்லியிருக்காரு. குளிர் காயுற மாதிரி, ரொம்ப தள்ளியும் போகாதே ரொம்ப கிட்டயும் போகாதே. கிட்ட போனவங்க கதைக்கு ஒட்டோமான் சுல்தான் சுலைமானோட உயிர் நண்பர் இப்ராஹிம் பாஷாவைப் பாருங்க, 1523ல தலைமை வசீர், அதாவது தலைமை மந்திரி, 1536ல அரண்மனைக்குள்ளயே வெச்சு கதையை முடிச்சுட்டாங்க.

இந்த தூரத்தை டயலாக்ல சொல்லாதீங்க, கட்டடத்துல காட்டுங்க. இஸ்தான்புல் டோப்காபி அரண்மனையில அந்தக் காலத்துல மந்திரிசபை கூடின மண்டபத்து சுவத்துல மேல ஒரு கம்பி வலை போட்ட ஜன்னல் இருக்கு, சுல்தான் அதுக்குப் பின்னாடி இருந்து எல்லாத்தையும் கேக்க முடிஞ்சது. அன்னிக்கு இருக்காரா இல்லையான்னு கீழ உக்காந்திருந்த வசீர்களுக்குத் தெரியாது. அந்த ஜன்னல் ஒண்ணு போதும், நீங்க பத்து பக்கம் பயத்தை வர்ணிக்க வேணாம்.

நம்ம மொழியில இன்னொரு வசதி இருக்கு, கூப்பிடுற முறை. என் கதையில ராஜாவுக்கு 23 வயசு, மந்திரி அவங்கப்பா காலத்து ஆளு. சபையில "அமைச்சரே", தனியா இருக்கும்போது "தாத்தா". இதை மனசுல வெச்சுக்கோங்க, நாலாவது ஸ்டெப்ல வேலைக்கு ஆகும்.

ஸ்டெப் 3: யோசனையை சுத்தி வளைச்சு சொல்ல விடுங்க

"வரியைக் குறைங்க அரசே"ன்னு மந்திரி சொன்னா வாசகருக்குக் கொட்டாவி, மந்திரிக்குத் தலை போகும். புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு சொன்னது புறநானூத்துல 184வது பாட்டா இருக்கு. அவரு முதல்ல யானையைப் பத்தி பேசுறாரு. நெல்லை அறுத்து கவளமா உருட்டிக் குடுத்தா ஒரு மா-வுக்கும் (மா பழைய நில அளவு) கம்மியான நிலம் யானைக்குப் பல நாளைக்குக் காணும், யானையே வயல்ல இறங்கித் தின்னா நூறு வயல் இருந்தாலும் வாய்க்குள்ள போறதை விட காலடியில நாசமாறதுதான் அதிகம். அறிவில்லாத ராஜா வரி வாங்குனா நாடும் இப்படித்தான் நாசமாகும்னு பொதுவா சொல்லி முடிக்கிறாரு, உங்களைத்தான்னு சொல்லல, அதனால ராஜா கேட்டுட்டு கோபப்படவும் முடியாது.

உங்க உலகத்துல யானை இல்லன்னா பரவால்ல, அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச மிருகமோ பயிரோ எடுத்துக்கோங்க. டிராகனை மட்டும் விட்டுருங்க ப்ளீஸ்.

ஸ்டெப் 4: மேஜிக் இவங்க உறவுல என்ன பண்ணுதுன்னு கேளுங்க

முக்கால்வாசி பேரு கோட்டை விடுறது இங்கதான், மேஜிக் எல்லாம் போர்க்களத்துல இருக்கும், ஆலோசனை மண்டபத்துல மட்டும் சாதாரண சரித்திரக் கதை ஓடும். நான் ஒரு விளக்கு வெச்சேன். அதுக்கு முன்னாடி யார் பொய் சொன்னாலும் சுடர் அணைஞ்சுரும். அப்போ மந்திரி பொய்யே சொல்ல முடியாதுல்ல, ஆனா எந்த உண்மையை சொல்லணும்னு அவருதானே முடிவு பண்ணுவாரு? எப்பவும் சபையில இருக்கிற விளக்கை ராஜா ஒரு நாள் ராத்திரி தன்னோட ரூமுக்குக் கொண்டு வரச் சொல்றாரு. மந்திரி உள்ள வர்றாரு, விளக்கைப் பாக்குறாரு.

"களஞ்சியத்துல நெல்லு இருக்கா?"

"நேத்து சாயங்காலம் நானே போய் பூட்டை இழுத்துப் பாத்தேன். கெட்டியாதான் இருக்கு."

சுடர் அசையல. ராஜா அதையே பாத்துட்டு இருந்தாரு.

"பூட்டைப் பத்தி நான் கேக்கல, அமைச்சரே."

அவ்ளோதான். ரூம்ல வேற யாரும் இல்ல, இருந்தும் "தாத்தா" வரல. மந்திரிக்கு அந்த ஒரு வார்த்தையிலயே விஷயம் புரிஞ்சிரும், வாசகருக்கும்தான். முதல் டிராஃப்ட்ல மந்திரியோட மருமகன் நெல்லைத் திருடி வித்துட்டான்னு வெச்சிருந்தேன், சப்புன்னு இருந்துச்சு. அப்புறம் மாத்தினேன், பஞ்சத்துல கிராமங்களுக்குக் குடுக்க ராஜா சம்மதிக்கல, மந்திரி தானே ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டி அனுப்பிட்டாரு. இப்போ அவரு செஞ்சது நியாயம், ஆனா ராஜத்துரோகம். மந்திரியைக் கெட்டவனாக்குறது ரொம்ப ஈஸி, அதனாலயே பண்ணாதீங்க.

ஸ்டெப் 5: மூணாவது ஆள்

ஒரு சேனாபதியோ ராஜமாதாவோ, ராஜா காதுல வேற மாதிரி சொல்ற ஒருத்தர் இருக்கணும். அவங்க சொல்றதுலயும் பாதி சரியா இருக்கணும், அதைத் தவிர பெருசா ரூல் ஒண்ணும் இல்ல.

ஸ்டெப் 6: மந்திரி போனப்புறம் என்ன ஆகுதுன்னும் எழுதுங்க

திரும்ப தாய்சோங்கிட்டயே வரேன். 643ல வெய் ஜெங் செத்துட்டாரு, ராஜா அழுதாரு, நினைவுக்கல் வெச்சாரு. கொஞ்ச நாள்லயே அந்த ஆள் மேல சந்தேகம் வந்து அதே கல்லைப் பிடுங்கிப் போடச் சொன்னாரு. 645ல கொரிய ராஜ்ஜியமான கோகுர்யோ மேல படையெடுத்துப் போய் ஜெயிக்க முடியாம திரும்பி வந்தாரு, வெய் ஜெங் உயிரோட இருந்திருந்தா என்னைப் போக விட்டிருக்க மாட்டாருன்னு புலம்பிட்டு கல்லைத் திரும்ப நட வெச்சாரு.

நான் இதே மாதிரி ஒரு ஸீன் என் கதைக்கு எழுதினப்போ முதல்ல ராஜாவுக்கு அரைப் பக்கம் வசனம் குடுத்தேன், கண்ணீர், மன்னிப்பு, எல்லாம். மறுநாள் படிச்சா சகிக்கல, மொத்தத்தையும் அடிச்சுட்டேன். இப்போ ராஜா மழையில நனைஞ்சுக்கிட்டு ஓரமா நிக்கிறாரு, கல்லு நடுற ஆளுகிட்ட "தாத்தா பக்கம் கொஞ்சம் சாயுது பாரு"ன்னு மட்டும் சொல்றாரு.