மண்வெட்டியின் இரும்பும் விடைத்தாளில் வரும் தவறுகளும்

கிளிநொச்சியில் மாலை வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த அமர்ந்தால் ஆண்டுதோறும் இந்த வரி வந்துவிடுகிறது: "எல்லா மூலகங்களும் பெருவெடிப்பில் தோன்றின." நான் முதலில் களைய விரும்பும் தவறு இதுதான். இதை நம்பிவிட்டால் விண்மீன்களுக்கு வேலையே இல்லை.

பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கரு இணைவு ஓய்ந்துவிட்டது. மிஞ்சியது திணிவின்படி ஏறக்குறைய 75 சதவீதம் ஐதரசன், 25 சதவீதம் ஈலியம், மிகச் சொற்பமாக இலிதியம். அதற்கு மேல் ஏன் வளரவில்லை? திணிவெண் (கருவிலுள்ள புரோத்தன், நியூத்திரன்களின் மொத்த எண்ணிக்கை) 5 கொண்ட கருவும் 8 கொண்ட கருவும் நிலைப்பதில்லை. ஈலியக் கருவோடு ஒரு புரோத்தன் சேர்ந்தாலும் பிரிந்துவிடும். இரண்டு ஈலியக் கருக்கள் சேர்ந்தாலும் பிரிந்துவிடும். ஏணியில் இரண்டு படிகள் இல்லை. அந்த இடத்தைத் தாண்ட, பிரிவதற்குள் மூன்றாவது ஈலியக் கருவும் வந்து ஒட்ட வேண்டும். விரிந்து குளிர்ந்துகொண்டிருந்த அண்டத்தில் அதற்கு நேரமும் இல்லை, நெருக்கமும் இல்லை. முதிர்ந்த விண்மீனின் உள்ளகத்தில், ஏறத்தாழ 10 கோடி பாகை வெப்பத்தில், இரண்டும் உண்டு. காபன் அங்கேதான் பிறக்கிறது. அது கைகூட வேண்டுமானால் காபன் கருவில் குறிப்பிட்டதொரு சக்தி மட்டம் இருந்தே தீர வேண்டும் என்று 1953இல் வானியலாளர் பிரெட் ஹொயில் வாதிட்டார். ஆய்வுகூடத்தில் தேடினார்கள், இருந்தது. இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

"சூரியனில் ஐதரசன் எரிகிறது" என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். அடுப்பில் பாலைமர விறகு எரியும்போது காபன், காபனாகவே இருந்து ஒட்சிசனோடு சேர்கிறது. சூரியனில் ஐதரசன் ஈலியமாகவே மாறிவிடுகிறது.

"இரும்பைவிடப் பாரமானவை சுப்பர்நோவாவில் (விண்மீன் வெடிப்பில்) மட்டுமே உண்டாகும்" என்பதும் பிழை. 1952இல் வானியலாளர் போல் மெரில் சில செவ்விண்மீன்களின் ஒளியில், இரும்பைவிடப் பாரமான தெக்னீசியத்தைக் கண்டார். அந்த மூலகம் சில பத்து இலட்சம் ஆண்டுகளில் தேய்ந்துவிடும். ஆகவே அந்த விண்மீன்களே அதை ஆக்கியிருக்க வேண்டும். பேரியத்தின் பெரும்பகுதியும் இப்படி, வெடிப்பில் அல்லாமல் விண்மீன்களுக்குள் மெதுவாக உருவானதுதான். தங்கத்துக்கு வேறு வழியும் உண்டு: 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூத்திரன் விண்மீன்களின் (வெடித்த பெரிய விண்மீன்களின் சுருங்கிய எச்சங்களின்) மோதலில் மிகப் பாரமான மூலகங்கள் உருவான தடயங்கள் தெரிந்தன.

இனி இரும்பு. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே சறுக்குகிறார்கள். "பெரிய விண்மீனின் இரும்பு உள்ளகம் வெடித்துச் சிதறி நம்மிடம் வந்தது" என்கிறார்கள். உள்ளகம் சிதறுவதில்லை, உள்நோக்கிச் சரிந்து நியூத்திரன் விண்மீனாகவோ கருந்துளையாகவோ அங்கேயே தங்கிவிடுகிறது. வெளியே வீசப்படுவதில் முக்கியமானது, வெடிப்பின் சூட்டில் சுற்றியுள்ள அடுக்கில் புதிதாக உண்டாகும் நிக்கல்-56. வெள்ளைக்குள்ள விண்மீன்கள் (கரு இணைவு ஓய்ந்து சுருங்கியவை) வெடிக்கும்போது அது இன்னும் கூடுதலாக உண்டாகிறது. அதன் அரைவாழ்வு (பாதி தேய எடுக்கும் காலம்) ஏறத்தாழ 6 நாள். அது கோபால்ற்று-56 ஆகிறது; அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 77 நாள். அதுவும் தேய்ந்தபின் வருவதுதான் இரும்பு-56.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் மூன்றரை மாத நெல்லை விதைத்த அன்று ஒரு விண்மீன் வெடித்தது என்று வைத்துக்கொள்வோம். கதிர் அறுக்கும் நாளில் அந்த நிக்கலில் பாதிக்கு மேல் இரும்பாகியிருக்கும். வரம்பு கட்டித் தேய்ந்த மண்வெட்டித் தகட்டில் இருப்பதும், நம் கிரவல் வீதியைச் சிவப்பாக்குவதும் அப்படி வந்த இரும்புதான்.