புது ஸ்டார் வந்ததும் நாம பண்ற தப்புகள்: கெய்ட்லின் கிளார்க்கோட முதல் சீசனை வச்சு சொல்றேன்

காலேஜ் பாஸ்கெட்பால்ல கலக்குன பொண்ணு டபிள்யூஎன்பிஏ-க்குள்ள (அமெரிக்காவோட பெண்கள் பாஸ்கெட்பால் லீக்) வந்த உடனே முதல் வாரத்துலயே தீர்ப்பு எழுதிடறோம் பாருங்க, அதுதான் பெரிய தப்பு. 2024 மே 14, கெய்ட்லின் கிளார்க்கோட முதல் மேட்ச், கனெக்டிகட் சன் டீம் கூட. 20 பாயிண்ட் போட்டாங்க, ஆனா 10 டர்ன்ஓவர் (பந்தை எதிர் டீம்கிட்ட விட்டுடறது), மேட்சும் போச்சு, உடனே "இவ்ளோதானா இவங்க"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. கொஞ்சம் காலண்டரைப் பாருங்கப்பா. ஏப்ரல் 7 வரைக்கும் அயோவா யுனிவர்சிட்டிக்கு காலேஜ் ஃபைனல் ஆடிட்டிருந்தாங்க, 15-ம் தேதி டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க புது பிளேயர்களை வரிசையா எடுக்கிற நிகழ்ச்சியில, இண்டியானா ஃபீவர் டீம் முதல் ஆளா எடுத்துச்சு, ஃபைனல் முடிஞ்சு 37 நாள்ல புரொஃபஷனல் கோர்ட்ல நிக்கிறாங்க. அதுவும் முதல் நாலு மேட்சும் சன், நியூயார்க் லிபர்ட்டி, இந்த ரெண்டு டீம் கூடத்தான், லிபர்ட்டி அந்த வருஷ சாம்பியன் வேற! ஃபீவர் முதல் 9 மேட்ச்ல 8 தோத்துச்சு. சீசன் முடியும்போது 20 ஜெயிச்சு 20 தோத்து, 2016-க்கு அப்புறம் முதல் தடவை பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு நடக்குற நாக்-அவுட் ரவுண்ட்) போனாங்க.

அடுத்தது ஒரே ஒரு நம்பரைப் பிடிச்சுட்டு தொங்குறது. அந்த சீசன்ல 223 டர்ன்ஓவர், லீக் வரலாற்றுலயே அதிகம், உண்மைதான். ஆனா அதே சீசன்ல 337 அசிஸ்ட் (கூட ஆடுறவங்க பாயிண்ட் எடுக்கிற மாதிரி கொடுக்கிற பாஸ்), அப்போ அதுவும் ரெக்கார்டு, ஜூலை 17 டல்லாஸ் கூட ஒரே மேட்ச்ல 19. ரெண்டும் ஒரே இடத்துலருந்துதான் வருது. பந்து எப்பவும் அவங்க கையில, பாதி கோர்ட் தாண்டி நீளமா பாஸ் போடுவாங்க, காலேஜ்ல பாஸ் போட கிடைச்ச கேப்பை இங்க எதிர் டீம் ஒரு நொடியில அடைச்சிடும், கூட ஆடுறவங்களும் பாஸ் எப்போ வரும்னு பழகணும்ல. ஒலிம்பிக்ஸ் பிரேக்ல சேர்ந்து பிராக்டிஸ் பண்ண டைம் கிடைச்சுது, வந்து கடைசி 14 மேட்ச்ல 9 ஜெயிச்சாங்க.

சம்பளம் கோடிக்கணக்குலன்னு நினைக்கிறவங்களுக்கு: முதல் வருஷம் டீம் கொடுத்தது 76,535 டாலர், பெரிய காசு விளம்பரத்துலருந்துதான்.

அதே வருஷம் லீகுக்கு வந்த ஏஞ்சல் ரீஸ் கூட சண்டை மூட்டி விடுறது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். ரீஸ் கூடைகிட்ட நின்னு ரீபவுண்ட் (கூடையில விழாம திரும்பி வர்ற பந்து) எடுக்கிற ஃபார்வர்டு, சிகாகோவுக்கு ஆடுன முதல் வருஷமே மேட்சுக்கு 13.1 எடுத்தாங்க. கெய்ட்லின் பந்தை நடத்துற கார்டு. வேற வேற வேலை பாக்குறவங்களை எதை வச்சு ஒப்பிடுறது? இந்த ரசிகர் சண்டை எங்க போய் நின்னுச்சுன்னா, பிளேஆஃப் சமயத்துல இனவெறி கமெண்ட்டுகளைக் கண்டிச்சு லீகே அறிக்கை விட வேண்டியதாப் போச்சு. அந்த கமெண்ட்டைப் படிக்கிறதும் இருபது சொச்சம் வயசு பொண்ணுங்கதானே.

கடைசியா, மத்தவங்களை சைடு ஆர்ட்டிஸ்ட் மாதிரி பாக்குறது. அலியா பாஸ்டன் 2023-ல அதே டீமுக்கு முதல் பிக், அந்த வருஷத்தோட சிறந்த புதுமுகமும் அவங்கதான். கெல்சி மிட்செல் 2018-லருந்து தோத்த காலமெல்லாம் அங்கயே நின்னு ஆடுனவங்க. 2025-ல காயத்தால கெய்ட்லின் 13 மேட்ச் மட்டும்தான் ஆட முடிஞ்சுது, இருந்தும் இவங்க செமி ஃபைனல் வரைக்கும் போய், லாஸ் வேகாஸ் ஏசஸை அஞ்சாவது மேட்ச் ஓவர்டைம் வரைக்கும் இழுத்துட்டுப் போனாங்க.