ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் டிரில்: நிறுத்துற வழியை முதல்ல சோதிங்க

கிளவுட்ல ஓடுற சிஸ்டத்தை நாமளே வேணும்னு உடைச்சுப் பாக்குற ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் டிரில் இப்ப நிறைய டீம்ல ஆரம்பிச்சிருக்காங்க, சந்தோஷமான விஷயம். ஆனா புதுசா ஆரம்பிக்குறவங்க கூட உக்காரும்போதெல்லாம், ஆரம்ப காலத்துல நாங்க விழுந்த அதே குழியில அவங்களும் வரிசையா வந்து விழுறாங்க. பேக்கப் எடுங்க, டீமுக்கு முன்கூட்டியே சொல்லுங்க, முதல்ல ஸ்டேஜிங்ல (கஸ்டமர் வராத சோதனை சிஸ்டத்துல) பண்ணுங்க, இதெல்லாம் எல்லா டாக்குமென்ட்லயும் இருக்கு, நான் திரும்பச் சொல்லல. அதையெல்லாம் ஒழுங்கா படிச்சவங்களும் மாட்டிக்குற இடங்களை மட்டும் எழுதறேன். உதாரணம் எல்லாம் அமேசானோட கிளவுடான ஏடபிள்யூஎஸ்ல இருந்து, எனக்குக் கை பழகினது அதுதான். அஸூர் கேயாஸ் ஸ்டுடியோவோ, குபர்னெட்டிஸ்ல லிட்மஸ், கேயாஸ் மெஷ்ஷோ மாதிரி வேற டிரில் டூல் வச்சிருக்கவங்களுக்கும் பிரச்சனை இதேதான், பட்டனோட பேருதான் மாறும்.

சர்வரைக் கொல்றதுதான் டிரில்னு நினைக்கறது

நெட்ஃபிளிக்ஸ் 2012ல, மெஷின்களைத் தானா அணைச்சுப் பாக்குற கேயாஸ் மங்கியை ஓப்பன் சோர்ஸா வெளியிட்டதுல இருந்து எல்லாருக்கும் முதல்ல மனசுல வர்றது, ஏதாவது ஒரு மெஷினை அணைச்சுப் பாப்போம்ங்கறதுதான். ஆட்டோ ஸ்கேலிங் குரூப்ல (மெஷின் எண்ணிக்கையைத் தானா சரி பண்ணிக்குற கூட்டத்துல) இருக்குற ஒரு மெஷினைக் கொன்னா, உயிரோட இருக்கான்னு அப்பப்ப தட்டிப் பாக்குற ஹெல்த் செக் கண்டுபிடிக்கும், புது மெஷின் வரும், எல்லாரும் கை தட்டுவாங்க. அதுல நீங்க சோதிச்சது பெரும்பாலும் ஏடபிள்யூஎஸ் வேலை செய்யுதான்னுதான், உங்க புரோகிராமை இல்ல.

நிஜத்துல கழுத்தை அறுக்கறது சாகாம பாதி உயிரோட இருக்குற சர்வீஸ். 80 மில்லிசெகண்ட்ல பதில் சொல்ல வேண்டியது 8 செகண்ட் எடுக்கும், ஹெல்த் செக்குக்கு மட்டும் ஒழுங்கா 200னு ('எல்லாம் சரி'ங்கற பதில்) குடுத்துக்கிட்டே இருக்கும், அதைக் கூப்பிடுற சர்வீஸோட த்ரெட் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் பாக்குற வேலையாள் மாதிரி) எல்லாம் காத்துக்கிட்டே நின்னு, கடைசியில சம்பந்தமே இல்லாத பக்கம் விழுந்துடும். அதனால லேட்டன்சி (பதில் வர்ற தாமதம்) போடுங்க, 200 மில்லிசெகண்ட், 1 செகண்ட், 3 செகண்ட்னு படிப்படியா ஏத்துங்க. அப்ப ரீட்ரையை, அதாவது பதில் வராட்டி மறுபடி முயற்சி பண்றதை, கவனிங்க. மூணு அடுக்கு இருந்து ஒவ்வொண்ணும் மூணு தடவை முயற்சி பண்ணா, கஸ்டமர் ஒரு தடவை அமுக்கினது டேட்டாபேஸுக்கு 27 அழைப்பா போகும். நிறைய டீமுக்கு இந்தக் கணக்கு டிரில் அன்னைக்குத்தான் தெரிய வருது.

எதிர்பார்ப்பை எழுதாம ஆரம்பிக்கறது

"என்ன ஆகுதுன்னு பாப்போம்"னு ஆரம்பிச்சா, என்ன ஆனாலும் பாஸ்தான். ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க: கேச் (அடிக்கடி கேக்குற டேட்டாவைக் கைப்பக்கம் வச்சிருக்குற இடம்) போனாலும் நிமிஷத்துக்கு விழுற ஆர்டர் எண்ணிக்கை குறையக் கூடாது. நெட்ஃபிளிக்ஸ் பாத்தது செகண்டுக்கு எத்தனை வீடியோ ஓட ஆரம்பிக்குதுங்கறதை, சிபியுவை இல்ல.

நிறுத்துற பட்டன் உடையுற இடத்துக்குள்ளயே இருக்கறது

இது ஒண்ணு எனக்கு இன்னைக்கும் எரிச்சலா வருது, அதனால விரிவாவே சொல்லிடறேன்.

ஏடபிள்யூஎஸ் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் சர்வீஸ்ல ஸ்டாப் கண்டிஷன்னு ஒண்ணு இருக்கு. ஏடபிள்யூஎஸ்ஸோட கண்காணிப்பு சர்வீஸான கிளவுட்வாட்ச்ல இருக்குற ஒரு அலாரத்தை அதுல கோத்து விட்டா, அலாரம் அடிச்சதும் எக்ஸ்பெரிமென்ட் தானா நின்னுடும். எல்லாரும் கோத்துடறாங்க. டெம்ப்ளேட்ல கட்டம் நிரம்பியிருக்கு, ரிவியூல டிக் விழுந்துடுச்சு, முடிஞ்சது. நாம போடப்போற இந்த ஃபால்ட் நடக்கும்போது அந்த அலாரம் அடிக்குமான்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல.

ஒரு டீம் கூட உக்காந்து நான் கண்ணால பாத்தது. ஆர்டர் எடுக்குற சர்வீஸ் ஓடுற மெஷின்கள்ல பாக்கெட் லாஸ் (நெட்வொர்க்ல போற டேட்டா தொலையுற மாதிரி) போட்டாங்க, சொந்தமா எழுதின எஸ்எஸ்எம் டாக்குமென்ட் (மெஷின்ல தூரத்துல இருந்தே கட்டளை ஓட்டுற ஏடபிள்யூஎஸ் சர்வீஸுக்கான ஸ்கிரிப்ட்) வச்சு. எர்ரர் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினா நிறுத்துங்கறதுதான் ஸ்டாப் கண்டிஷன். அந்த எண்ணிக்கையை கிளவுட்வாட்சுக்கு அனுப்புறது யாரு? அதே மெஷின்ல ஓடுற ஏஜென்ட். பாக்கெட் வெளிய போகல, அதனால மெட்ரிக்கும் (அந்த அளவீட்டு எண்ணும்) போகல. மெட்ரிக் வராத அலாரம் டீஃபால்ட்டா 'அலாரம்' நிலைக்குப் போகாது, 'இன்சஃபிஷியன்ட் டேட்டா'ன்னு போய் உக்காந்துக்கும், அந்த நிலையில எக்ஸ்பெரிமென்ட் நிக்காது. டாஷ்போர்டுல சிவப்பே இல்ல, கிராஃப்ல கோடு பாதியில நின்னுருக்கு, ரூம்ல எல்லாரும் சிஸ்டம் தாங்குதுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க, அந்தப் பக்கம் கஸ்டமர் சப்போர்ட்டுக்கு போன் மேல போன். விஷயம் தெரிஞ்சு கையால நிறுத்தப் போனா, நிறுத்துங்கற கட்டளையை வாங்க வேண்டிய எஸ்எஸ்எம் ஏஜென்ட்டும் அதே அறுந்த நெட்வொர்க்குக்குப் பின்னாடி இருக்கு. கடைசியில மெஷின்களையே டெர்மினேட் பண்ணி (மொத்தமா அழிச்சு), புதுசு வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாங்க. கிணத்துல இறங்குறவன் கயித்தோட மறுமுனையை கிணத்துக்குள்ள இருக்குற கல்லுலயே கட்டிட்டு இறங்குன மாதிரி.

பெரிய இடங்களுக்கும் இந்த அடி விழுந்திருக்கு. 2021 அக்டோபர் 4ல ஃபேஸ்புக் விழுந்ததுக்குக் காரணம், டேட்டா சென்டர்களை இணைக்குற பேக்போன் நெட்வொர்க்ல பராமரிப்பு வேலைக்காகக் குடுத்த ஒரு கட்டளை. ஆனா அத்தனை மணி நேரம் இழுத்ததுக்கு ஒரு முக்கியக் காரணம், சரி பண்றதுக்கான உள் டூல்களும் அந்த நெட்வொர்க்கோடயே போயிட்டதுதான், ஆளுங்க டேட்டா சென்டருக்கு நேர்ல போக வேண்டியிருந்துச்சு. அவங்க பெரிய அளவுல டிரில் நடத்துறவங்கதான், ஆனா மொத்த பேக்போனும் போற மாதிரி ஒரு தடவை கூட பண்ணிப் பாத்ததில்லைன்னு அவங்களே எழுதினாங்க. 2017 பிப்ரவரி 28ல ஏடபிள்யூஎஸ்ஸோட ஃபைல் சேமிப்பு சர்வீஸான எஸ்3 விழுந்தப்ப ஏடபிள்யூஎஸ்ஸோட ஸ்டேட்டஸ் பக்கத்தை அப்டேட் பண்ண முடியல, ஏன்னா அதை அப்டேட் பண்ற கன்சோல் எஸ்3யை நம்பி இருந்துச்சு.

சரி, என்ன பண்ணணும்.

ஸ்டாப் அலாரத்துக்கான மெட்ரிக் ஃபால்ட் போடுற மெஷின்ல இருந்து வரக்கூடாது. வெளிய இருந்து சைட்டைத் தட்டிப் பாக்குற கேனரி ஒண்ணு வச்சு, அதோட வெற்றி சதவீதத்தை எடுங்க. மெட்ரிக் வராம போனா 'பிரீச்சிங்'னு (அளவைத் தாண்டினதா) எடுத்துக்கச் சொல்லி அலாரத்துல செட் பண்ணுங்க. இதுல ஒரு வலை இருக்கு, ரிக்வெஸ்ட்டை மெஷின்களுக்குப் பிரிச்சு விடுற லோட் பேலன்சரோட 5எக்ஸ்எக்ஸ் (சர்வர் பக்க எர்ரர்) எண்ணிக்கை, எர்ரர் இருந்தாதான் பதிவே ஆகும், எர்ரர் இல்லாத நல்ல நேரத்துல மெட்ரிக்கே வராது, அதுல பிரீச்சிங் போட்டா சும்மா இருக்கும்போதே அலாரம் அடிச்சுக்கிட்டு இருக்கும், ரெண்டு நாள்ல யாராவது கடுப்பாகி அதை எடுத்துடுவாங்க. அதனால எப்பவும் வந்துக்கிட்டே இருக்குற மெட்ரிக்கா பாத்து எடுங்க.

அப்புறம் நேரம். 5 நிமிஷ பீரியட், தொடர்ந்து 3 தடவை தாண்டணும்னு அலாரம் வச்சிருந்தா அது அடிக்கவே 15 நிமிஷம் ஆகும், உங்க எக்ஸ்பெரிமென்ட்டே 10 நிமிஷம்தான். டிரில்லுக்குன்னு தனியா 1 நிமிஷ அலாரம் போடுங்க.

நெட்வொர்க்ல கை வைக்கறதா இருந்தா, ஃபால்ட் போடுறதுக்கு முன்னாடியே அதை எடுக்குற வேலையை அந்த மெஷினுக்குள்ளயே டைமர் போட்டு வச்சுடுங்க. ஏடபிள்யூஎஸ் குடுக்குற ரெடிமேட் டாக்குமென்ட்கள் இதுக்குத்தான் லினக்ஸ்ல, குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற 'அட்' சர்வீஸைக் கேக்குது. சொந்த ஸ்கிரிப்ட் எழுதறவங்க இந்த வரியைத்தான் விட்டுடறாங்க.

கடைசியா, நிறுத்தி சோதிங்க. சும்மா காத்திருக்குற வெயிட் ஆக்‌ஷன் மட்டும் வச்சு ஒரு எக்ஸ்பெரிமென்ட்டை ஓட விட்டு, செட்-அலாரம்-ஸ்டேட் கட்டளையால அலாரத்தை வலுக்கட்டாயமா அடிக்க வைங்க. எக்ஸ்பெரிமென்ட் நிக்குதா? நிக்கலைன்னா அன்னைக்கு டிரில் கிடையாது. ஓடுற எல்லா எக்ஸ்பெரிமென்ட்டையும் ஒரேயடியா நிறுத்துற சேஃப்டி லீவரை யார் இழுக்கணும், அவங்க கிட்ட பர்மிஷன் இருக்கா, லாகின் பண்றதுக்கு அவங்க போற வழி நாம உடைக்கப்போற சிஸ்டம் வழியா போகுதான்னும் பாத்துடுங்க. நின்னாலும் எல்லாம் திரும்பி வந்துடும்னு அர்த்தமில்ல, டெர்மினேட் பண்ண மெஷின் டெர்மினேட் பண்ணதுதான்.

ஏஇசட் பேரை நம்பறது

ஒரு ஏஇசட் (அவெய்லபிலிட்டி ஸோன், ஒரு ரீஜனுக்குள்ள தனித்தனியா இருக்குற டேட்டா சென்டர் தொகுதி) மொத்தமா போனா என்ன ஆகும்னு பாக்கறது ரொம்ப நல்ல டிரில். ஆனா ரெண்டு அக்கவுன்ட்ல சிஸ்டம் பரவியிருந்தா, மும்பை ரீஜன்ல '1ஏ'ன்னு இங்க இருக்கறதும் அங்க இருக்கறதும் ஒரே இடமா இருக்கணும்னு இல்ல, அக்கவுன்ட்டுக்கு அக்கவுன்ட் அந்தப் பேர் மாறலாம். ஏஇசட் ஐடியைப் பாத்து டார்கெட் பண்ணுங்க. இல்லைன்னா ரெண்டு ஏஇசட்டைப் பாதிப் பாதியா உடைச்சுட்டு, ஒண்ணு போனா தாங்க மாட்டோம்னு தப்பா முடிவு எழுதிடுவீங்க.

புரொடக்‌ஷன் டேக்கை வச்சு 'எல்லாம்'னு விடறது

டேக்ங்கறது மெஷின்களைப் பிரிச்சுக் காட்ட ஒட்டுற லேபிள். டிரில்லுக்குன்னு தனி டேக், முதல் தடவை ஒரே ஒரு மெஷின், அதுக்கும் முன்னாடி எதெல்லாம் மாட்டும்னு காட்டுற டார்கெட் பிரிவ்யூ.

ஸ்டேஜிங்லயே வருசக்கணக்கா நிக்கறது

டிராஃபிக் இல்லாத இடத்துல த்ரெட் நிரம்பாது.

ஃபால்ட்டை எடுத்ததும் எழுந்து போறது

ஃபால்ட் போனதுக்கு அப்புறம் வர்ற அரை மணி நேரத்துலதான் நிறைய சிஸ்டம் விழுது. கேச் காலியா இருக்கும், மொத்த ரிக்வெஸ்ட்டும் டேட்டாபேஸ் மேல விழும், க்யூவுல (வேலைகள் காத்திருக்குற வரிசையில) தேங்கினது எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பும், ரீட்ரைல ஜிட்டர் (நேரத்தைக் கொஞ்சம் முன்னபின்ன மாத்தி விடறது) இல்லைன்னா எல்லா கிளையன்ட்டும் ஒரே செகண்ட்ல வந்து மோதும், மூல காரணம் போயும் சிஸ்டம் எழுந்திருக்காது. எதிர்பார்ப்புல எழுதி வச்ச அந்த ஒரு நம்பர் பழைய நிலைக்கு வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு குறிச்சு வைங்க, க்யூ காலியாகுற வரைக்கும் யாரும் மீட்டிங்கை விட்டுப் போக வேண்டாம். அதுல கிடைச்ச ஓட்டையை அடைச்சதும் அதே டெம்ப்ளேட்டை மறுபடி ஓட்டிப் பாத்துட்டுத்தான் டிக்கெட்டை குளோஸ் பண்ணணும், கோடு மெர்ஜ் ஆன அன்னைக்கே பண்ணிடாதீங்க.