மாணவர் மதிப்பீடு: நம்பத்தக்க பதில்களைப் பெறும் வழி

ஆசிரியர் பாடம் நடத்திய விதத்தைப் பற்றிப் பருவ இறுதியில் படிவம் கொடுத்து மாணவரிடம் கருத்துக் கேட்கிறோம். இதில் முதல் வேலை, கேள்விகளைச் சலித்தெடுப்பது. மாணவர் நேரில் கண்டதை மட்டும் கேளுங்கள். "ஆசிரியருக்குப் பாடத்தில் ஆழ்ந்த புலமை இருக்கிறதா?" என்றால், அந்தப் பாடத்தை இப்போதுதான் படிக்கத் தொடங்கியவர் என்ன சொல்வார்? "புரியவில்லை என்றபோது வேறு விதமாக விளக்கினாரா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். "தெளிவாகவும் சுவையாகவும் நடத்தினாரா?" என்பது ஒன்றல்ல, இரண்டு கேள்விகள், பிரித்துவிடுங்கள். மொத்தம் பத்துக்குள் நிற்கட்டும்.

அடுத்து, அச்சத்தைப் போக்குங்கள். பெயரும் பதிவெண்ணும் வேண்டாம். மதிப்பெண்கள் வெளியான பிறகே ஆசிரியர் இதைப் பார்ப்பார் என்று படிவத்தின் தொடக்கத்திலேயே எழுதி, அதன்படியே நடந்துகொள்ளுங்கள். ஐந்தாறு பேர் படிக்கும் வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அங்கே தட்டச்சுப் பதில்களே நல்லது.

படிவத்தின் இணைய இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் பலர் திறக்கவே மாட்டார்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குங்கள். கடைசிப் பத்து நிமிடங்கள் உதவாது, மனம் அப்போதே வெளியே போயிருக்கும். ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது.

பருவத்தின் நடுவிலும் ஒருமுறை கேளுங்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். "கற்க உதவுவது எது? மாற்ற வேண்டியது எது?" என்ற இரண்டே கேள்விகள் போதும். அடுத்த வகுப்பிலேயே எதை மாற்றப்போகிறீர்கள், எதை மாற்ற இயலாது, ஏன் என்று சொல்லுங்கள். தம் சொல்லுக்கு மதிப்புண்டு என்று கண்டவர்கள் பருவ இறுதியில் பொறுப்போடு எழுதுவார்கள்.

பதில்கள் வந்ததும் சராசரியில் மயங்காதீர்கள். 1 முதல் 5 வரை எண் போடும் கேள்வியில், நாற்பது பேரில் இருபது பேர் 5 என்றும் இருபது பேர் 1 என்றும் போட்டாலும் சராசரி 3தான். எல்லாரும் 3 போட்டாலும் அதே 3. ஒவ்வோர் எண்ணையும் எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்று பாருங்கள்.

எண்களை வைத்து ஆசிரியர்களை வரிசைப்படுத்துவதும் தவறு. அமெரிக்காவில் இணையவழிப் பாடம் ஒன்றில் நடந்து, 2015இல் அச்சில் வந்த சிறிய ஆய்வில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தத்தம் அடையாளத்தில் ஒரு குழுவுக்கும், மற்றவர் அடையாளத்தில் இன்னொரு குழுவுக்கும் வழிகாட்டினார்கள். விடைத்தாள்கள் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வேகத்தில் திரும்பின. ஆனாலும் 'காலந்தவறாமை'க்கு ஆண் பெயர் பெற்றது ஐந்துக்கு 4.35, பெண் பெயர் பெற்றது 3.55. ஆகவே சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் அமர்ந்து கவனித்த குறிப்பையும், பாடத்திட்டத்தையும், வினாத்தாள்களையும் சேர்த்தே மதிப்பிடுங்கள்.

எழுத்துக் கருத்துகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, பலர் சொன்னதை முதலில் எடுங்கள். ஆசிரியரின் தோற்றம், உச்சரிப்பு பற்றிய வசைகளை நீக்கிய பிறகே அவரிடம் கொடுங்கள்.