பிளவுஸ் தையல் கடைக்குக் கூலி நிர்ணயிப்பது எப்படி

புதிதாகத் தையல் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் அதே தெருவில் லைனிங் பிளவுஸுக்கு என்ன கூலி என்று விசாரித்து, அதில் 50 ரூபாய் குறைத்துப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரருக்குச் சொந்தக் கட்டடம் இருக்கலாம், ஹூக் கட்ட வீட்டிலேயே ஆள் இருக்கலாம். அவர் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. உங்கள் நேரத்திலிருந்து தொடங்குங்கள்.

அடுத்துத் தைக்கும் 10 பிளவுஸுக்கு நேரத்தை ஒரு நோட்டில் குறியுங்கள். வெட்டுவது, லைனிங் வைத்துத் தைப்பது, ஓவர்லாக், கைத்தையல், ஹூக், அயர்ன் எல்லாம் தனித்தனியாக. கை சரியாக உட்காராமல் பிரித்துத் தைத்த நேரமும் அதில் வரவேண்டும். "அன்றைக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று அதிக நேரம் பிடித்த பிளவுஸை விட்டுவிட்டால் சராசரி பொய்யாகிவிடும். அப்படி ஒன்று மாதாமாதம் வந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து மாதச் செலவு. கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக. உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை 5,000, மின்சாரம் 900, ஊசி, எண்ணெய், மெஷின் சர்வீஸ் 500, பில் புக், பை, போன் 400. 36,000 ரூபாய்க்கு வாங்கிய மெஷின்கள் 5 வருடம் உழைக்கும் என்றால் மாதம் 600. ஆக 7,400. இதோடு உங்கள் சம்பளம் 18,000 சேர்த்தால் 25,400. மிஞ்சுவதுதான் சம்பளம் என்று விட்டால் ஒன்றும் மிஞ்சாது. சம்பளமும் ஒரு செலவு என்றே எழுதுங்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலை வராது. அதனால் 12 மாதச் செலவை 11 மாத உழைப்பு தாங்க வேண்டும் என்று வைத்தால் மாதத்துக்குச் சுமார் 28,000.

26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி நேரம். ஆனால் அளவெடுப்பது, டிசைன் பேசுவது, நூல் கலர் தேடிக் கடைக்குப் போவது, சரியில்லை என்று திரும்பி வந்ததைச் சரிசெய்வது எல்லாம் போக மெஷினில் உட்காருவது 140 மணிதான். 28,000-ஐ 140-ஆல் வகுத்தால் மணிக்கு 200 ரூபாய். 208-ஆல் வகுத்தவர்கள்தான் நாள் முழுக்கத் தைத்தும் கையில் காசு நிற்கவில்லை என்று தவிக்கிறார்கள்.

லைனிங் பிளவுஸுக்கு 2 மணி 15 நிமிடம் ஆகிறதென்றால் கூலி 450. நூல், ஹூக் 15 ரூபாய் சேர்த்து 465. லைனிங் துணியை நீங்கள் வாங்கினால் அதன் விலை தனி. சாதா பிளவுஸ் ஒன்றேகால் மணி என்றால் 250-உடன் நூல், ஹூக் செலவு. கழுத்துக்குப் பைப்பிங், பிரின்சஸ் கட், முதுகில் நாட், குஞ்சம் என்று கேட்டால் 10 நிமிடத்துக்கு 35 ரூபாய் என்று கூட்டுங்கள். ஆல்டர் வேலையை இலவசமாகச் செய்யாதீர்கள். உங்கள் தையலில் தப்பு இருந்தால் மட்டும் காசு வேண்டாம்.

உங்கள் ஊரில் 400-க்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்றால் சம்பளத்தைக் குறைக்காமல் நேரத்தைக் குறையுங்கள். கைத்தையலும் ஹூக்கும் உங்களுக்கு அரை மணி, அதாவது 100 ரூபாய். பக்கத்தில் வீட்டிலிருந்தே செய்கிறவருக்குப் பீஸுக்கு 35 ரூபாய் கொடுத்தால் 350 + 35 + 15 = 400. ஒரே நிற நூலில் வரும் பிளவுஸ்களைச் சேர்த்து வெட்டிச் சேர்த்துத் தைப்பதும் நன்றாகவே நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் சில மாதம் 140 மணிக்கு வேலை வராது. மாதம் 40 லைனிங் பிளவுஸ் மட்டும் வந்தால் கூலி 18,000, செலவு போகக் கையில் 10,600. அந்தக் குறையைக் கூலியில் ஏற்றினால் வருகிறவர்களும் போய்விடுவார்கள். ஆறு மாத வீட்டுச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு கடையைத் திறங்கள். அறிமுகச் சலுகை கொடுப்பதானால் பலகையில் முழுக் கூலியையே எழுதி, பில்லில் தள்ளுபடியையும் அது முடியும் தேதியையும் காட்டுங்கள். முதலில் கொடுத்த தொகைதான் மனதில் பதியும். 300-க்குப் பழகியவரை 450-க்குக் கொண்டுவருவது பெரும் பாடு.

அவசர வேலைக்குப் பாதிக் கூலி கூடுதல், ஏனென்றால் இன்னொருவர் துணி அன்று தள்ளிப்போகிறது. துணி வாங்கும்போதே பாதிப் பணம் வாங்குங்கள். ஒருவர் அளவுக்குத் தைத்த பிளவுஸை இன்னொருவருக்கு விற்க முடியாது. பட்டுப் புடவையோடு வரும் பிளவுஸ் துணி கெட்டால் வெளியே அதே துணி கிடைக்காது. அதனால் வெட்டுமுன் அளவு பிளவுஸை வாங்கி வைத்துச் சரிபாருங்கள், பட்டுக்குக் கூலியும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். தெரிந்தவர்களுக்குக் குறைப்பதானால் அதற்கும் ஓர் அளவு வேண்டும்: 10 சதவீதம், அதையும் பில்லில் எழுதி.

சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவில்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கவும் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்து நேரத்தை மறுபடி குறியுங்கள். கை பழகி 2 மணியில் முடிகிறதென்றால் கூலியைக் குறைக்க வேண்டாம். அந்தக் கால் மணி உங்கள் தேர்ச்சிக்கு வரும் வருமானம். வாடகை ஏறினால் புதுக் கூலியை ஒரு மாதம் முன்பே பலகையில் எழுதி, அதற்குமுன் துணி கொடுத்தவர்களுக்குப் பழைய கூலியிலேயே தைத்துக் கொடுங்கள்.