அரிய போகிமானைக் கோட்டைவிட வைக்கும் தவறுகள்

போகிமான் வீடியோ கேம் விளையாடத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் லெஜண்டரிகளையும் (கதையில் அரிதாக வரும் பெரிய போகிமான்கள்) ஷைனிகளையும் (வழக்கமில்லாத நிறத்தில் வருபவை) கோட்டைவிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் செட் எப்படியெல்லாம் கோட்டைவிட்டதோ, அச்சு அசல் அதே வழிகள். பந்து தீர்ந்துபோவது, பலமான மூவ் போட்டு ஒரே அடியில் வீழ்த்திவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருதரம் பட்டால் அவை யாருக்கும் புரிந்துவிடும். பலதரம் பட்டும் புரியாமல் போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஹெச்பியை மட்டும் குறைத்துவிட்டுப் பந்து வீசுவது

போகிமான் பிடிபடுமா என்பதை முக்கியமாக நான்கு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அந்த இனத்துக்கென்று வைத்திருக்கும் பிடி எண் (கூடக்கூடப் பிடிப்பது எளிது), மீதமிருக்கும் ஹெச்பி (உயிர்ப்பலம்), வீசும் பந்து, தூக்கம், வாதம் போன்ற நிலைப் பாதிப்பு. பிடி எண் மேஜிகார்ப்புக்கு 255, மியூட்டூவுக்கு 3. முழு ஹெச்பியிலிருந்து 1-க்குக் கொண்டுவந்தால் கணக்கில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆதாயம். ஐந்தாம் தலைமுறை விளையாட்டுகளிலிருந்து தூக்கத்துக்கும் உறைதலுக்கும் இன்னும் 2.5 மடங்கு சேரும்; வாதம், விஷம், தீக்காயத்துக்கு 1.5 மடங்கு. எல்லாம் ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால், தூங்கவைக்காமல் அல்ட்ரா பால் என்ற பலமான பந்தை வரிசையாக வீசுவது வீண் செலவு.

விஷமும் தீக்காயமும் 1.5 தருகின்றனவே என்று நினைக்க வேண்டாம். அவை ஒவ்வொரு சுற்றிலும் ஹெச்பியைத் தின்னும். 1 ஹெச்பியில் நிற்கும் போகிமானுக்கு அடுத்த சுற்று கிடையாது. மணற்புயலும் அப்படித்தான், அதனால் பிடிக்கப் போகும்போது புயலைக் கிளப்பும் டைரனிட்டாரை வெளியே விடாதீர்கள்.

எதிரே நிற்பதன் மூவ்களைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். எல்லோரும் தங்கள் அணியைத்தான் பார்க்கிறார்கள். எதிரே நிற்பது தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் என்று யாரும் யோசிப்பதில்லை.

2016-ல் வந்த சன், மூன் விளையாட்டுகளில் ஹொகுலானி மலைப் புல்லில் எப்போதாவது பெல்டம் தலைகாட்டும். பிடி எண் 3, அதாவது மியூட்டூவுக்குச் சமம். அதற்குத் தெரிந்த மூவ் டேக் டவுன் ஒன்றுதான். அது நமக்கு ஏற்படுத்தும் சேதத்தில் கால் பங்கு அதற்கே திரும்பும்.

போன கோடை விடுமுறையில் என் அக்கா மகனுக்கு ஷைனி பெல்டம் வந்தது. வழக்கமான நீலம் இல்லை, பளபளக்கும் வெள்ளி நிறம். சாதாரணமாக 4,096-க்கு ஒன்று என்ற கணக்கில் வருவது. பையன் பதறவில்லை. ஃபால்ஸ் ஸ்வைப் போட்டான். எவ்வளவு அடித்தாலும் 1 ஹெச்பி மிச்சம் வைக்கும் மூவ் அது. ஹெச்பிக் கோடு சிவப்பில் நூலிழையாக நின்றது. அல்ட்ரா பால் வீசினான். பந்து ஒருதரம் ஆடித் திறந்துகொண்டது. பெல்டம் டேக் டவுன் அடித்தது. இவன் போகிமானுக்குப் பெரிய சேதமில்லை, ஆனால் திரும்பிய அடியில் பெல்டம் விழுந்துவிட்டது. "நான் அடிக்கவே இல்லையே மாமா" என்றான். அவன் சொன்னது உண்மை. அதனால்தான் இந்தத் தவறு கண்ணில் படுவதே இல்லை. விளையாடுகிறவர் தன் பக்கத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருப்பார்.

பெல்டமுக்கு முதலில் தூக்கம், பிறகுதான் ஹெச்பி. வரிசையை மாற்றாதீர்கள். பாராசெக்ட் ஒன்று கையில் இருந்தால் போதும்: குறி தவறாமல் தூங்கவைக்கும் ஸ்போரையும் கற்றுக்கொள்ளும், ஃபால்ஸ் ஸ்வைப்பையும் கற்றுக்கொள்ளும். தூங்கவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்த விளையாட்டுகளில் காட்டுப் போகிமான்கள் துணைக்கு ஆள் கூப்பிடும். எதிரே இரண்டு நின்றால் பந்தே வீச முடியாது. நிலைப் பாதிப்பில் இருக்கும் போகிமான் கூப்பிடாது.

ஹெச்பி 1-க்கு வந்ததும் பாராசெக்டை உள்ளே அழைத்துவிட்டு கெங்கர் மாதிரி ஒரு கோஸ்ட் வகையை நிறுத்துங்கள். டேக் டவுன் நார்மல் வகை, கோஸ்ட் மேல் படாது. படாவிட்டால் திரும்பும் அடியும் இல்லை. பெல்டம் விழித்துக்கொண்டாலும் நீங்கள் நிதானமாகப் பந்து வீசலாம். அதற்காக நாள் பூராவும் வீசிக்கொண்டிருக்க முடியாது. டேக் டவுனுக்கு பிபி, அதாவது போடக்கூடிய தடவை, 20. படாமல் போனாலும் அது குறையும். தீர்ந்தால் ஸ்ட்ரகிள் வரும். அது கோஸ்ட் மேலும் படும், போட்டதன் முழு ஹெச்பியில் கால் பங்கையும் பிடுங்கிக்கொள்ளும். ஆகவே பெல்டம் எத்தனை முறை அடித்தது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். லெஜண்டரிகளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஜியோடூட், வோல்டார்ப் கதை இன்னும் மோசம். செல்ஃப் டிஸ்ட்ரக்ட் போட்டு வெடித்துவிடும். டேம்ப் திறன் உள்ள சைடக்கோ குவாக்சயரோ களத்தில் நின்றால் வெடிக்க முடியாது. ஆப்ராவிடம் இருப்பது டெலிபோர்ட் மட்டும், அடுத்த நொடி காணாமல் போகும். அதன் முன்னால் தூக்கமும் வேண்டாம், ஃபால்ஸ் ஸ்வைப்பும் வேண்டாம்; முதல் சுற்றிலேயே குயிக் பால். ஐந்தாம் தலைமுறையிலிருந்து முதல் சுற்றில் அதற்கு 5 மடங்கு பலம்.

பந்து ஆடும்போது பட்டனை அழுத்துவது

எதை அழுத்தினாலும் கணக்கு மாறாது.

சேவ் செய்யாமல் லெஜண்டரி முன் போய் நிற்பது

கூடாது.

நிரம்பிய பெட்டியோடு அலைவது

பழைய ரெட், ப்ளூ விளையாடுபவர்களுக்கு மட்டும்: பிடித்த போகிமான்களைச் சேர்த்துவைக்கும் ஒரு பெட்டியில் 20 தான். நிரம்பினால் நீங்களே விளையாட்டுக்குள் இருக்கும் பிசியில் போய் வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். அணியும் பெட்டியும் நிரம்பியிருந்தால் பந்தை வீசவே விடாது.

மாஸ்டர் பாலை இடம் தெரியாமல் செலவழிப்பது

தவறாமல் பிடிக்கும் அந்தப் பந்து பெரும்பாலும் ஒரு விளையாட்டில் ஒன்றுதான் கிடைக்கும். குகையில் அசையாமல் காத்திருக்கும் லெஜண்டரிக்கு அதை வீசாதீர்கள். அதை சேவ் செய்துவிட்டு எத்தனை தரம் வேண்டுமானாலும் முயலலாம். ஊர் ஊராக ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத்தான் மாஸ்டர் பால் தேவை.

அதிலும் 2004-ல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீன் விளையாடுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆரம்பத்தில் முதல் போகிமானாக ஸ்குவர்ட்டிலை எடுத்தவர்களுக்கு ரைக்கூ ஓடும், பல்பசார் எடுத்தவர்களுக்கு என்டே. இரண்டுக்கும் ரோர் தெரியும். மீன் லுக் போட்டு ஓடவிடாமல் நிறுத்திவைத்தாலும் ரோர் அடித்துச் சண்டையை முடித்துவிடும். நிரலில் உள்ள பிழையால் அதன் பிறகு அந்தப் போகிமான் வரைபடத்தில் எங்கேயும் இருக்காது. கண்டதும் மாஸ்டர் பாலை வீசிவிடுங்கள். சார்மாண்டர் எடுத்தவர்களுக்கு ஓடுவது சுய்கூன். அது ரோர் போடாது என்பதால், அவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.